அமைதித் தூதர் சங்கரனார்

ஆயுதம் ஏந்தி எதிர்த்து நிற்போருடன் ஓர் அரசு அமர்ந்து பேசலாமா, அன்றிப் போர் ஒன்றே அதற்குரிய வழியா என்னும் வினா, அரசு தோன்றிய நாள்தொட்டு மாந்தரை வருத்தி வருவதாகும். ரோகிணி ஆற்று நீரின் பொருட்டுச் சாக்கியரும் கோலியரும் படை திரட்டி நின்றபொழுது, பகவான் அவ்விரு படைகளுக்கும் நடுவே சென்று நின்ற வரலாற்றை நம் அன்பர்கள் நன்கறிவர். அவ்வாறு நடுவே சென்று நிற்கும் துணிவுடையோர் எக்காலத்தும் சிலரே. நம் காலத்தில் ஐதராபாத் நகரில் அத்தகையார் ஒருவர் வாழ்ந்தார். அவர் தஞ்சைத் தரணி ஈன்ற தமிழர், எஸ். ஆர். சங்கரன் என்பது அவர் பெயர். அவர் நம் சங்கத்தார் அல்லர். ஆயினும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அவர் ஆற்றிய தொண்டினாலும், இரு தரப்புக் குருதியையும் ஒன்றெனக் கண்ட நெஞ்சினாலும் நாம் அறிந்து போற்றற்குரியவர். அன்னார் மறைந்து ஆண்டுகள் பல கடந்தன. எனினும், அவர் எழுப்பிய வினா இன்னும் விடை காணாது நிற்பதால், அவருடைய வாழ்வை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

இளமையும் அரசுப் பணியும்

சங்கரனார் 1934 ஆம் ஆண்டு அக்டோபர் 22 ஆம் நாள் தஞ்சை மாவட்டத்தில் பிறந்தார். கல்வியிற் சிறந்து விளங்கிய அவர், 1950களின் பிற்பகுதியில் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, ஆந்திரப் பிரதேசத்திற்கு அனுப்பப்பட்டார். அன்றுதொட்டுத் தெலுங்கு நாடே அவருக்கு வாழ்விடமாயிற்று. அவர் மணம் செய்து கொள்ளவில்லை. தமக்கென வீடோ நிலமோ சேர்க்கும் வேட்கையும் அவர்பால் இல்லை. பெற்ற ஊதியத்திலும், பின்னாளில் பெற்ற ஓய்வூதியத்திலும் பெரும்பகுதியை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கே செலவிட்டு வந்தார்.

நெல்லூர் மாவட்டத்தில் ஆட்சித்தலைவராய் இருந்து அவர் பணியாற்றினார். பின்னர் நடுவண் அரசில், எஃகு, சுரங்கத்துறை அமைச்சராயிருந்த மோகன் குமாரமங்கலத்திற்கு உதவியாளராய் அமைந்து, நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையாக்கப்பட்ட பெரும்பணியில் பங்கு கொண்டார். 1973 ஆம் ஆண்டு மே மாதத்தில் அமைச்சர் விமான விபத்தில் மாண்ட பின்னர், சங்கரனார் ஆந்திரத்திற்கு மீண்டு, சமூக நலத்துறைப் பொறுப்பை ஏற்றார். உயர் அதிகாரிகள் பலர் விரும்பாத துறை அது. அவரோ விரும்பி ஏற்றார். தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் பயிலும் விடுதிகளும் உறைவிடப் பள்ளிகளும் பெருகப் பாடுபட்டார்.

கொத்தடிமைத் தளை

1975 ஆம் ஆண்டு அக்டோபரில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் அவசரச் சட்டம் பிறந்தது. மறு ஆண்டு அது முழுச் சட்டமாயிற்று. சட்டம் தாளில் இருப்பதும் சேரியில் இருப்பதும் வேறு வேறு என்பதை நம்மினும் நன்கறிந்தவர் எவர்? தந்தை பட்ட கடனுக்கு மகனும், மகன் பட்ட கடனுக்குப் பேரனும் ஆண்டையின் கொல்லையில் உழைத்துத் தேய்ந்த காலம் அது. சங்கரனார் அரசாணையை அனுப்பிவிட்டு அமைந்திருப்பவரல்லர். ஊர்தோறும் தாமே சென்று, அடிமைப்பட்டிருந்த குடும்பங்களைக் கண்டு, அவர்கள் பட்ட கடன் சட்டத்தால் அழிந்தது என்றும், அவர்கள் இனி எவர்க்கும் அடிமையல்லர் என்றும் எடுத்துரைத்தார்.

நிலவுடையார் இதனைப் பொறுப்பரோ? முதலமைச்சர் சென்னா ரெட்டியிடம் முறையிட்டனர். அதிகாரி ஒருவர் ஊர் ஊராகச் சென்று ஏழைகளைக் கிளப்பி விடுகிறார் என்பது அவர்தம் குற்றச்சாட்டு. முதலமைச்சரும் அதனையே கூறிச் சினந்தார். சட்டம் கூறுவதைச் சட்டம் எவர்க்காக எழுந்ததோ அவரிடமே கூறியது குற்றமாயின், அப்பொறுப்பில் தமக்கு இடமில்லை என உணர்ந்த சங்கரனார் விலகிக்கொண்டார். அந்நிலையில் திரிபுரா மாநில முதலமைச்சர் நிருபேன் சக்கரவர்த்தி அவரை அழைத்துத் தம் அரசின் தலைமைச் செயலராக்கினார். அவரும் மணமாகாதவர், எளிய வாழ்வினர். அவ்விருவரும் ஓர் அரசை நடத்திய ஆண்டுகளைத் திரிபுரா மக்கள் நெடுநாள் நினைவில் வைத்துப் போற்றினர்.

கானகத்தில் சிறைப்பட்டமை

பின்னர் ஆந்திரத்திற்குத் திரும்பிய சங்கரனார்க்கு 1987 ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு சோதனை நேர்ந்தது. அக்காலத்தில் தெலுங்கு நாட்டின் காடுகளில் மக்கள் யுத்தக் கட்சி என்னும் நக்சலைட்டுக் கட்சி வலுப்பெற்றிருந்தது. 1980 ஆம் ஆண்டு கொண்டபள்ளி சீதாராமையா தொடங்கிய இக்கட்சி, நிலமற்றோர்க்கும் பழங்குடியினர்க்கும் நிலம் பெறுவது ஆயுதத்தாலேயே கைகூடும் எனக் கொண்டது. கிழக்கு கோதாவரி மாவட்டத்து மலைப்பகுதியில் பழங்குடியினர் நலம் பற்றி ஆராய்ந்து திரும்பிய அதிகாரிகள் குழுவை அக்கட்சியினர் வழிமறித்துச் சிறைப்பிடித்தனர். அக்குழுவில் சங்கரனாரும் ஒருவர்.

சிறையிலுள்ள தம் தோழர்களை விடுவித்தாலன்றி அதிகாரிகளை விடோம் என்றனர் அவர்கள். முதலமைச்சர் என். டி. ராமாராவின் அரசு அக்கோரிக்கைக்கு இசைந்து, கைதிகள் சிலரை விடுவித்தது. அதிகாரிகள் அனைவரும் ஊறின்றி மீண்டனர்.

இந்நிகழ்ச்சி நாம் ஊன்றி நோக்கத்தக்கது. ஆயுதம் ஏந்தியோருடன் பேசுதல் அரசின் மானத்திற்கு இழுக்கு என்று அன்று எவரும் கூறவில்லை. உயர்ந்த அதிகாரிகளின் உயிர் துலாக்கோலில் நின்றமையால் அரசு பேசியது, பேசியது நன்றே. ஆயின், பெயர் அறியப்படாத பழங்குடியும், கூலிக்குச் செல்லும் சேரி இளைஞனும், ஏழைக் குடியில் பிறந்து காக்கியுடை தரித்த காவலனும் நாள்தோறும் மாளுங்கால் மட்டும் பேச்சு இழுக்காவது எவ்வாறு? உயிருக்கு உயிர் ஏற்றத்தாழ்வு உண்டோ? தம்மைச் சிறைப்பிடித்தோர்மீது சங்கரனார் வன்மம் பாராட்டினாரல்லர் என்பதற்கு அவருடைய பிற்காலச் செயலே சான்று.

இரு தரப்புக்கும் இடையே

நடுவண் அரசின் ஊரக வளர்ச்சித்துறைச் செயலராயிருந்து 1992 ஆம் ஆண்டில் அவர் ஓய்வு பெற்றார். ஐதராபாத்தில் சிறியதொரு குடியிருப்பில் எளிமையாக வாழத் தலைப்பட்டார். அவ்வாண்டிலேயே மக்கள் யுத்தக் கட்சி தடை செய்யப்பட்டது. பின்னர்த் தடை தளர்ந்து, 1996 ஆம் ஆண்டில் மீண்டும் விதிக்கப்பட்டது. 1989 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கிரேஹவுண்ட்ஸ் என்னும் தனிக் காவற்படை காடுகளில் வேட்டையாடிற்று. மோதலில் மாண்டார் எனக் காவல்துறை வெளியிட்ட செய்திகளுள் பல, பிடித்துச் சென்று சுட்டவை என்று உரிமை இயக்கத்தார் குற்றஞ்சாட்டினர். மறுபுறம், காட்டிக் கொடுத்தான் என்னும் ஐயம் ஒன்றே போதியதாக, எளிய ஊர் மக்களையும் நக்சலைட்டுகள் கொன்றனர். கண்ணிவெடி வைத்துக் காவலரைச் சிதறடித்தனர். பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என இரு அச்சங்களுக்கு நடுவே ஊர்கள் நடுங்கின.

இந்நிலையில், 1997 ஆம் ஆண்டில், அக்கறை கொண்ட குடிமக்கள் குழு என ஒரு குழு ஐதராபாத்தில் அமைந்தது. சங்கரனார் அதன் அமைப்பாளர். மதுரையில் பிறந்து ஐதராபாத்தில் புகழ்பெற்ற வழக்கறிஞர் கே. ஜி. கண்ணபிரான், பேராசிரியர் ஹரகோபால், பத்திரிகையாசிரியர் பொத்தூரி வெங்கடேசுவர ராவ் முதலியோர் அதில் இருந்தனர். இவர்கள் ஊர்களுக்குச் சென்றனர். காவலர் சுட்டதில் மகனை இழந்த தாயையும் கண்டனர். நக்சலைட்டுகள் கொன்றதில் கணவனை இழந்த மனைவியையும் கண்டனர். அரசுக்கும் எழுதினர், கட்சிக்கும் எழுதினர்.

அக்குழு கொண்ட நிலை எளிதில் விளங்குவதே. அரசு சட்டத்தால் பிறந்தது. ஆதலின் சட்டத்தை மீறி ஓர் உயிரையும் பறிக்க அதற்கு உரிமையில்லை. கட்சியோ மக்களின் பெயரால் ஆயுதம் எடுத்ததாகக் கூறுவது. ஆதலின் அம்மக்களுக்கே விடை கூறக் கடமைப்பட்டது, அவர்களுள் எளியோரைக் கொல்ல அதற்கும் உரிமையில்லை. இரு தரப்பும் தம் தம் கொள்கைக்கே உண்மையாய் நடப்பினும் கொலை பெரும்பகுதி நின்றுவிடும் என்பது அவர்தம் எண்ணம். இருவரையும் கண்டித்தமையால் இருவராலும் ஐயுறப்பட்டனர். நக்சலைட்டுகளின் முகமூடி என்றனர் சிலர். அரசின் கையாட்கள் என்றனர் வேறு சிலர். நடுவே நிற்பவர்மீது இரு புறத்துக் கல்லும் விழுமன்றோ?

பழிக்குப் பழி வளர்வதை அவர்கள் கண்முன் கண்டனர். 1999 டிசம்பரில் கட்சியின் நடுவண் குழுவினர் மூவர் கொல்லப்பட்டனர். 2000 மார்ச்சு 7 ஆம் நாள், முன்னர் உள்துறை அமைச்சராயிருந்த மாதவ ரெட்டி, அமைச்சராயிருக்கும்பொழுதே கண்ணிவெடிக்கு இரையானார். 2002 ஆம் ஆண்டில் தூதர் வழியாகத் தொடங்கிய பேச்சு, தலைவர்கள் நேரில் அமர்வதற்கு முன்பே முறிந்தது. 2003 அக்டோபர் 1 ஆம் நாள் திருப்பதியை அடுத்த அலிபிரியில் முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு கண்ணிவெடித் தாக்குதலினின்று உயிர் தப்பினார். ஒவ்வொரு குண்டும் அடுத்த குண்டுக்கு விதையாயிற்று.

ஐதராபாத் பேச்சு

2004 மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறி, ஒய். எஸ். ராஜசேகர ரெட்டி முதலமைச்சரானார். பேச்சு நடத்துவோம் எனத் தேர்தலில் அளித்த வாக்கின்படி, ஜூன் மாதத்தில் இரு தரப்பும் துப்பாக்கியைத் தாழ்த்தின. ஜூலையில் முடிவுற்ற தடை புதுப்பிக்கப்படவில்லை. ஆண்டுகள் ஏழு தளராது எழுதியும் நடந்தும் உழைத்த சங்கரனாரின் முயற்சி பலன் தரும் காலம் வந்தது.

அக்டோபரில், நல்லமலைக் காட்டினின்று ராமகிருஷ்ணா என்னும் தலைவரும் அவர்தம் தோழரும் வெளிவந்தனர். முந்திய மாதத்தில்தான் மக்கள் யுத்தக் கட்சி வடநாட்டுக் கட்சி ஒன்றோடு இணைந்து மாவோயிஸ்டு கட்சி எனப் பெயர் பூண்டிருந்தது. ஜனசக்தி என்னும் மற்றொரு கட்சியின் சார்பில் அமர், ரியாஸ் என்போர் வந்தனர். தலைமேல் விலை வைக்கப்பட்டவர்கள், தலைநகரில் அரசின் விருந்தினராய்த் தங்கினர். அக்டோபர் 15 முதல் 18 வரை நான்கு நாட்கள், உள்துறை அமைச்சர் ஜானா ரெட்டியின் தலைமையில் வந்த அரசுக் குழுவினரும் அவர்களும் எதிரெதிரே அமர்ந்தனர். நடுநிலையாளர் வரிசையில் சங்கரனார் அமர்ந்தார். அன்று அவர்க்கு வயது அறுபத்தொன்பது.

பேசப்பட்டவை மூன்று பெரும் பொருள்கள்: போர் நிறுத்தத்தைக் காப்பது எவ்வாறு, குடிமக்களின் உரிமைகள் யாவை, நிலமற்றோர்க்கு நிலம் அளிப்பது எங்ஙனம். நிலம் பற்றிய பேச்சு முற்றும் வீணாகவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் அரசு கோனேரு ரங்கா ராவ் தலைமையில் நிலக் குழு ஒன்றை அமைத்தது. ஏழைகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் எவ்வாறு கைமாறியது என்பதனை அக்குழு விரிவாக ஆராய்ந்து 2006 ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. ஆயினும் ஆயுதம் பற்றிய முடிச்சு அவிழவில்லை. ஊர்களுக்குள் ஆயுதத்துடன் வரலாகாது என்றது அரசு. ஆயுதத்தைத் துறக்க இயலாது என்றது கட்சி. அடுத்த சுற்றில் பேசுவோம் எனப் பிரிந்தனர். அந்த அடுத்த சுற்று வரவேயில்லை.

முறிவும் விளைவும்

2005 ஜனவரி தொடக்கத்தில் மீண்டும் மோதல்களும் மரணங்களும் செய்தியாயின. அம்மாத நடுவில் கட்சியினர் பேச்சினின்று விலகினர். பேச்சு மேசையில் அமர்ந்திருந்த ரியாஸ் அவ்வாண்டிலேயே காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 15 ஆம் நாள், நாராயணப்பேட்டையில் சட்டமன்ற உறுப்பினர் நர்சி ரெட்டியும் உடனிருந்த பலரும் மாவோயிஸ்டுகளால் சுடப்பட்டு மாண்டனர். இரண்டு நாட்களில் தடை மீண்டும் விதிக்கப்பட்டது.

பேச்சை எதிர்ப்போர் கூறுவனவற்றை நாம் மறைத்தல் முறையன்று. போர் நிறுத்தக் காலத்தில் மாவோயிஸ்டுகள் ஆள் சேர்த்து வலுப்பெற்றனர் என்றது காவல்துறை. காட்டினின்று வெளிவந்தோரைக் கண்டறிந்து பின்னர் அழிக்கவே அரசு பேச்சைப் பயன்படுத்திற்று என்றது மறு தரப்பு. ஈரிடத்தும் உண்மை ஓரளவு இருத்தல் கூடும். வாக்குப் பெற்ற அரசும் வாக்கை வெறுத்த கட்சியும் ஒரே மேசையில் சமமாய் அமர்வது குடியாட்சிக்கு ஒவ்வாது என்போரும் உளர். அதுவும் எளிதில் தள்ளத்தக்க வாதமன்று.

ஆயினும் போர் என்ன செய்தது? ஆந்திரத்தில் வென்றது அரசு. போர் மட்டும் முடியவில்லை. அண்டை மாநிலமான சத்தீஸ்கரின் காடுகளுக்கு இடம் பெயர்ந்தது. அங்கு 2005 ஆம் ஆண்டில் எழுந்த சல்வா ஜுடும் என்னும் ஆயுதக் கூட்டம் பழங்குடியினரையே பழங்குடியினர்க்கு எதிராய் நிறுத்திற்று. ஊர்கள் எரிந்தன, மக்கள் கோதாவரிக் கரைக் காடுகளுக்கு அகதிகளாய் ஓடி வந்தனர். 2010 ஏப்ரல் 6 ஆம் நாள் தந்தேவாடாவில் 76 காவற்படையினர் ஒரே காலையில் மாண்டனர். 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சல்வா ஜுடும் போன்ற படைகள் சட்டத்திற்கு மாறானவை எனத் தீர்த்தது. பேச்சு நான்கு நாட்களில் முடிந்தது. போர் இருபது ஆண்டுகள் நீண்டது.

பேச்சு என்றும் தோற்பதொன்று எனக் கூறுவாரும் உளர். மிசோரம் அவர்க்கு விடையளிக்கும். 1966 ஆம் ஆண்டில் இந்திய விமானங்களே ஐசால் நகரின்மீது குண்டு வீசின. இருபதாண்டுப் போருக்குப் பின், 1986 ஜூன் 30 ஆம் நாள், லால்டெங்காவுடன் அரசு உடன்படிக்கை செய்தது. கிளர்ச்சித் தலைவர் முதலமைச்சரானார். அம்மாநிலம் அமைதியில் நிலைத்தது. இலங்கையிலோ 2002 ஆம் ஆண்டுப் போர் நிறுத்தமும் பேச்சும் முறிந்து, 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபொழுது நம் இனத்து மக்கள் பட்ட துயர் சொல்லுந்தரமன்று. பேச்சு தோற்றால் மீண்டும் தொடங்கலாம். போரில் மாண்டோரை மீட்டல் எவராலும் இயலாது.

இறுதி நாட்கள்

முறிவு கண்டு சங்கரனார் வெறுப்புற்று ஒதுங்கவில்லை. 2005 ஆம் ஆண்டில் அரசு அளித்த பத்மபூஷண் விருதை ஏற்க மறுத்தார். மனிதன் மலத்தை மனிதன் கையால் அள்ளும் கொடுமையை ஒழிக்கப் பெஜவாடா வில்சன் தொடங்கிய சபாயி கர்மசாரி ஆந்தோலன் என்னும் இயக்கத்திற்குத் தலைவராய் நின்று, மாநிலந்தோறும் சென்றார். உலர் கழிப்பிடம் இல்லவேயில்லை எனச் சாதித்த அதிகாரிகளிடம், அத்தொழிலில் வதைபட்ட பெண்களையே சான்றாக நிறுத்தியது அவ்வியக்கம். அதன் ஊர்தியணிகள் நாடெங்கும் சென்று கொண்டிருந்த நாட்களிலேயே, 2010 அக்டோபர் 7 ஆம் நாள், ஐதராபாத்தில் சங்கரனார் உயிர் நீத்தார். அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. அமைச்சரும் வந்தனர், தோட்டித் தொழிலினின்று மீண்ட பெண்களும் வந்து அழுதனர். தோழர் கண்ணபிரானும் அவ்வாண்டு டிசம்பரில் மறைந்தார். பேச்சுக்கு வந்த ராமகிருஷ்ணா 2021 அக்டோபரில், காட்டிலேயே நோயால் மாண்டார்.

நாம் கொள்ளற்குரியது

2025 ஆம் ஆண்டில் அதே வினா மீண்டும் எழுந்தது. பேச்சுக்கு வருகிறோம் என மாவோயிஸ்டுகள் அறிவித்தனர்; ஐதராபாத்தில் சான்றோர் சிலர் மீண்டும் குழு அமைத்து அரசை வேண்டினர். ஆயுதத்தை முதலில் கைவிடுக என்றது நடுவண் அரசு. மே 21 ஆம் நாள் கட்சியின் பொதுச் செயலர் நம்பல்ல கேசவ ராவ் சத்தீஸ்கர்க் காட்டில் கொல்லப்பட்டார். அவ்வாண்டின் பிற்பகுதியில் மூத்த தலைவர் பலர் ஆயுதம் கையளித்தனர். வெற்றி அரசுடையது என்பதில் ஐயமில்லை. ஆயின் நிலமற்றவன் நிலம் பெற்றானா, பழங்குடி தன் காட்டில் அச்சமின்றி உறங்குகிறானா என்னும் வினாக்கள் துப்பாக்கியோடு புதைந்து போவனவல்ல.

அன்பர்களே! சங்கரனார் ஆயுதப் போரை ஆதரித்தவரல்லர். அரசின் கடமையை அரசுக்கு நினைவூட்டிய அரசு ஊழியர் அவர். கொத்தடிமையிடம் சென்று நீ விடுதலை பெற்றாய் எனக் கூறிய அதே கால்களே, காட்டுக்கும் கோட்டைக்கும் இடையே நடந்தன. இவை இரண்டும் வேறு வேறு பணிகள் அல்ல. அநீதி இருக்குமிடத்தில் அமைதி வேர் கொள்ளாது. கொலை இருக்குமிடத்தில் நீதி தழைக்காது. ஆதலின் அநீதியைக் களைவோனே அமைதிக்கும் உழைத்தல் வேண்டும் என்பதனை அவர் வாழ்ந்து காட்டினார்.

அவர் முயற்சி தோற்றது என்பர். 2004 ஆம் ஆண்டின் போர் நிறுத்த மாதங்களில் சாவாது வாழ்ந்த இளைஞரும் காவலரும் எத்துணையர் என எவர் எண்ணினர்? அத்தாய்மார் அம்மாதங்களில் அச்சமின்றி உறங்கிய இரவுகளைத் தோல்வி எனல் தகுமோ? பகைவனும் நம்போல் ஒரு தாயின் மகன் என்று காணும் கண்ணே கருணையின் கண். அக்கண் நமக்கும், நம்மை ஆள்வோர்க்கும் வாய்ப்பதாக.